பாதத்திற்கேற்ற பாதுகை

கிழக்கு வெளுக்கும் முன்னரே நமது கரிவலம்வந்தநல்லூரின் வீதிகளில் இப்பொழுதெல்லாம் ஒரு புதிய நடமாட்டத்தைக் காண்கிறோம். முன்னாளில் அந்நேரத்தில் எதிர்ப்படுவோர் வயலுக்குச் செல்கிறவர்களாகவும், பால் கறக்கச் செல்கிறவர்களாகவும், சங்கரன்கோவில் செல்லும் முதல் பேருந்தைப் பிடிக்க விரைகிறவர்களாகவும் இருப்பர். இவர்களோடு இன்று வேறொரு கூட்டமும் சேர்ந்திருக்கிறது. போக வேண்டிய இடமென்று எதுவுமின்றிப் போகிறவர்கள் இவர்கள். இராஜபாளையம் சாலையில் ஒரு மைல் தூரம் கைவீசி நடந்து, திரும்பி அதே வழியாக வீடு வந்து சேர்வார்கள். கரி வலம்வந்த நல்லூர், அதாவது யானை வலம்வந்த ஊர் என்பது நம் ஊர்ப்பெயரின் பொருள். “யானைக்குப் பிறகு இப்போது சர்க்கரை நோயாளிகள்தான் வலம் வருகிறோம்” என்று உடன் நடக்கும் அன்பர் ஒருவர் வேடிக்கையாகக் கூறுவதுண்டு.

அது வெறும் வேடிக்கையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடத்தப்பெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, நம் நாட்டில் நீரிழிவு நோயுற்றோர் தொகை 10 கோடியைத் தாண்டியுள்ளது. அதே ஆண்டு நவம்பரில் தமிழக அரசு ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒன்றைக் குறித்தது. வாரத்திற்கு 150 நிமிடமாவது உடல் உழைக்க வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஆகவே மருத்துவர்கள் எல்லாரும் “நடங்கள்” என்கிறார்கள். நல்லதே. ஆனால் எதை அணிந்து நடப்பது என்பதைச் சொல்லுவார் அரிது. மாத்திரைக்கு அளவு எழுதுகிற மருந்துச் சீட்டில் காலணிக்கு அளவு எழுதப்படுவதில்லை. அந்தப் பொறுப்பைக் கடைக்காரரிடமும் நம்முடைய ஊகத்திடமும் விட்டுவிடுகிறோம். அதனால் விளைவதென்ன என்பதை நாம் பட்டறிந்த விதத்தில் வாசக அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தோம். முதல் மாதம் ரப்பர் செருப்போடு நடந்தோம். பிறகு, இளைஞர் சிலர் சாலையில் ஓடுவதைக் கண்டு, நூறு அடி நடப்பதும் ஐம்பது அடி மெல்ல ஓடுவதுமாகத் தொடங்கினோம். ஆசை யாரை விட்டது? ஓடத் தொடங்கியதும் செருப்பு உதவாது என்று தெரிந்தது. பக்கத்து நகரம் ஒன்றில் கடைக்குச் சென்றோம். “என்ன நம்பர், அண்ணாச்சி?” என்று கேட்டார் கடைப் பையன். திருமணக் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த எண் 8. அதையே சொன்னோம். பெட்டியிலிருந்து எடுத்த ஷூவை அணிந்து பார்த்தால் நீளம் சரியாயிருந்தது. பாதத்தின் முன்பக்கம் மட்டும் கிடுக்கியில் அகப்பட்டது போலிருந்தது. “போடப் போட விட்டுக் கொடுக்கும், அண்ணாச்சி” என்றார் பையன். அதையும் நம்பினோம். விட்டுக் கொடுத்தது ஷூ அன்று, நமது கால்தான். இரண்டு வாரத்தில் பெருவிரல் நகம் கறுத்தது. ஒரு மாதத்தில் அது கழன்று விழுந்தது.

நமக்கு நேர்ந்தது இவ்வளவே. வலித்தது, கழற்றினோம், தப்பினோம். அடுத்த தெருவில் வசிக்கும் நண்பருக்கு நேர்ந்தது வேறு. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. நம்மைப் பார்த்து அவரும் புதிதாக ஒரு ஜோடி வாங்கினார். “பரவாயில்லையே, எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை” என்று நம்மிடம் பெருமையாகவே கூறினார். பத்து நாள் கழித்து, அவருடைய காலுறையைத் துவைக்க எடுத்த அவர் துணைவியார், அதில் காய்ந்த இரத்தக் கறையைக் கண்டார். சுண்டுவிரலின் பக்கத்தில் கொப்புளம் கண்டு, உடைந்து, புண்ணாகியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. அந்தப் புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. விரல் தப்பியது என்பதை மருத்துவர் ஒரு நல்ல செய்தியாகவே சொன்னார்.

இந்த இரண்டு காலணிகளும் ‘சரியான எண்’ உள்ளவைதாம். அவ்வாறாயின் பிழை எங்கே? எண்ணிலேயே பிழை இருக்கலாமா என்று நாம் விசாரிக்கத் தொடங்கியது அதன் பிறகே.

நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் வழங்கும் எண், ஆங்கிலேயர் விட்டுச் சென்றது. அதன் அடிப்படை அளவு ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அதாவது ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். எண் ஒன்று கூடினால் நீளம் ஒரு மணியளவு கூடும். இந்தக் கணக்கின்படி 8ஆம் எண்ணுக்கு 11 அங்குலம். ஆனால் இது காலின் நீளமன்று. காலணியைச் செய்யப் பயன்படும் ‘அச்சு’ என்னும் கட்டையின் நீளம். அந்த அச்சுக்குள் விரலுக்கு முன்னே எவ்வளவு இடம் விடுவது என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி முடிவு செய்கிறது. ஆகையால் ஒரு நிறுவனத்தின் 8 இன்னொரு நிறுவனத்தின் 8 ஆகாது. ஐரோப்பியர் எண் வேறு. அங்கே ஒரு படி என்பது ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. 42 என்று அச்சிட்டிருந்தால் 28 சென்டிமீட்டர் அச்சு என்று கொள்ளலாம். அமெரிக்கர் எண் ஆங்கிலேயர் எண்ணைவிட ஆண்களுக்கு ஏறக்குறைய ஒன்று கூடுதல். ஒரே பெட்டியின் மேல் 8, 9, 42 என்று மூன்று எண்கள் காணப்படுவதன் காரணம் இதுவே. எண் தெரியும் என்று சொல்பவர் எந்த நாட்டு எண்ணைச் சொல்கிறார் என்பதே ஐயத்திற்குரியது.

இவை அனைத்தையும்விடப் பெரிய குறை ஒன்றுண்டு. இந்த எண் நீளத்தை மட்டும் சொல்கிறது, அகலத்தைச் சொல்வதில்லை.

நம் கிராமத்துத் தாய்மார் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்க நகரத்துக்குப் போகும்போது, பிள்ளையின் பாத நீளத்திற்கு ஓர் ஈர்க்குச்சியை ஒடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். எண்ணைக் காட்டிலும் இது நேர்மையான அளவு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் ஈர்க்குச்சிக்கும் அகலம் தெரியாது. நம் கால்களோ அகலமானவை.

அகலமானவை என்று நாம் ஊகமாகச் சொல்லவில்லை. சென்னை அடையாற்றில் 1948ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுவதும் 79 இடங்களில் 1,01,880 பேருடைய பாதங்களை முப்பரிமாணக் கருவி கொண்டு அளந்தது. இத்தனை பேருடைய பாதங்களை அளக்க நான்கே மாதங்கள் போதுமானவையாக இருந்தன. ஆனால் அளக்கத் தொடங்குவதற்குச் சுதந்திரம் பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது! இந்தியர் பாதம் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் பாதத்தைவிட அகன்றது என்பது அதில் தெளிவாயிற்று. முன்பக்கம் நெருக்குவதால் மக்கள் என்ன செய்கிறார்கள்? ஒரு எண், இரண்டு எண் பெரிதாக வாங்குகிறார்கள். அகலம் கிடைக்கிறது, கூடவே வேண்டாத நீளமும் வருகிறது. உள்ளே கால் வழுக்குகிறது. வழுக்காதிருக்க நாடாவை இறுகக் கட்டுகிறார்கள். கட்டினால் மேற்பாதம் நசுங்குகிறது. பிறர் காலுக்குச் செய்த அச்சில் நம் காலைத் திணிப்பதால் முதிய பெண்களுக்கும் நீரிழிவு நோயாளருக்குமே பாதிப்பு மிகுதி என்பதையும் இவ்வாய்வு சுட்டிக் காட்டியது. அதன் பயனாக ‘பா’ என்று, பாரதத்தின் முதலெழுத்தால் பெயரிட்டு, குழந்தை முதல் பெரியவர் வரை எட்டு அளவு வகைகளைக் கொண்ட புதிய முறை ஒன்று பரிந்துரைக்கப்பட்டது. பெண் குழந்தைகளின் பாதம் 11 வயதையொட்டியும், ஆண் பிள்ளைகளின் பாதம் 15, 16 வயதையொட்டியும் மிக விரைவாக வளர்கிறது என்பதும் அந்த அளவீட்டில் தெரிந்தது. பள்ளிக்கூட ஷூவை இரண்டாண்டுக்குச் சேர்த்துப் பெரிதாக வாங்கும் பெற்றோர் இதைக் கவனிப்பது நலம்.

நம் பாதம் ஏன் அகன்றது? பரம்பரை ஒரு காரணமாயிருக்கலாம். இன்னொரு காரணம் நம் பழக்கத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவில் வாழ்நாள் முழுவதும் வெறுங்காலோடு நடந்தவர்களைப் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர்கள் அளந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், அவர்களுடைய முன்பாதம் விரிந்திருப்பதும், நடக்கையில் உடற்சுமை பாதம் முழுவதும் பரவலாக இறங்குவதும் காணப்பட்டன. அதற்கு முன்னரே, 1992இல், மணிபாலைச் சேர்ந்த மருத்துவர்கள் இருவர் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளை ஆராய்ந்தனர். காலணி அணிந்து வளர்ந்த குழந்தைகளில் 100க்கு 8 பேருக்கு மேல் தட்டைப்பாதம் இருந்தது. அணியாது வளர்ந்தவர்களில் 100க்கு 3 பேருக்கும் குறைவே. கரிசல் மண்ணில் செருப்பின்றி உழைத்த நம் முன்னோரின் கால் விரல்கள் விசிறி போல் விரிந்திருந்ததை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அந்த விரல்களின் வாரிசுகளையே கூர்முனை ஷூவுக்குள் அடைக்கப் பார்க்கிறோம்.

“அப்படியானால் வெறுங்காலோடு ஓடிவிடலாமே?” என்று கேட்கும் வாசகரும் இருப்பார். ஓடியவர் உண்டு. 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக் மாரத்தான் ஓட்டத்தில், எத்தியோப்பிய நாட்டு அபேபே பிகிலா வெறுங்காலோடு ஓடித் தங்கம் வென்றார். அங்கே கிடைத்த ஷூக்களில் எதுவும் அவர் காலுக்குப் பொருந்தவில்லை. பொருந்தாத காலணியினும் காலணியின்மை மேல் என்று அவர் முடிவு செய்தார். நான்காண்டு கழித்து டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடினார். அப்பொழுதும் தங்கம் வென்றார். நம் நாட்டிலும் இத்தகைய ஒருவர் இருக்கிறார். மேற்கு வங்காளத்தின் ஸ்வப்னா பர்மனுக்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்கள். கடையில் விற்கும் எந்த ஷூவும் அவருக்கு நெருக்கடிதான். அந்த வேதனையோடு 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் எழுவகைப் போட்டியில் தங்கம் வென்றார். பின்னரே ஒரு பெரிய நிறுவனம் அவர் காலை அளந்து, அவருக்கென்றே காலணி செய்து கொடுத்தது. நமக்கு யாரும் அவ்வாறு செய்து தரப் போவதில்லை. ஐம்பது வயதுக்குமேல் தார்ச்சாலையில் ஓடத் தொடங்குகிறவர் பிகிலாவும் அல்லர். மலைநாட்டில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவருடைய பாதமும், நாற்பதாண்டு செருப்போடு அலுவலகம் போய்வந்தவருடைய பாதமும் ஒன்றாகா. சாலையோரத்தில் கருவேலமுள்ளும் உடைந்த கண்ணாடியும் கிடக்கின்றன. அன்றியும் நடக்கையில் உடலின் எடையைச் சற்றே மிஞ்சுகிற விசை, ஓடுகையில் அவ்வெடையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பாதத்தில் இறங்குகிறது. ஆகவே காலணி வேண்டும். பொருந்துகிற காலணி வேண்டும்.

பொருந்துகிறது என்பதை எதனால் அறிவது? இங்கே பலவிதமான உபதேசங்கள் வழங்குகின்றன. ஈரக்காலைத் தரையில் பதித்து, சுவடு தட்டையா வளைவா என்று பார்த்து, அதற்குத் தக்க ஷூ வாங்க வேண்டுமென்பது அவற்றில் ஒன்று. கேட்பதற்கு விஞ்ஞானம் போலவே இருக்கும். அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, கடற்படை வீரர் பிரிவு ஆகிய மூன்றிலும் பயிற்சிக்கு வந்த ஆயிரக்கணக்கானோரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்குப் பாத வளைவை நோக்கியும் மறுகூறுக்கு நோக்காமலும் ஓட்டக் காலணி கொடுத்துப் பார்த்தார்கள். 2010ஐ ஒட்டி முடிவு வெளியாயிற்று. இரு சாராருக்கும் காயம் ஒரே அளவுதான்! கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தில் ஓட்டக் காலணிகளை நெடுங்காலம் ஆராய்ந்த பென்னோ நிக் என்னும் அறிஞரும் அவர் தோழர்களும் 2015இல் மிக எளிய ஒன்றையே வலியுறுத்தினர்: பலவற்றை அணிந்து பார்த்து, காலுக்கு எது சுகமாயிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்க. விலையும் விளம்பரமும் சொல்லாத ஒன்றைக் கால் சொல்லும் என்பது அவர்கள் கொள்கை.

இதை முதலில் படித்தபோது நமக்குப் பெருமகிழ்ச்சி உண்டாயிற்று. கடைப் பையனைவிட நம் பெருவிரல் அறிவாளி என்றல்லவா ஆயிற்று! ஆனால் உடனே அடுத்த தெரு நண்பரின் நினைவு வந்தது. அவருடைய காலும் “சுகமாயிருக்கிறது” என்றுதானே சொல்லிற்று?

நீரிழிவு நெடுங்காலம் நீடித்தால் பாதத்து நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. இது ஒருநாளில் வருவதன்று. ஆதலால் வந்ததும் தெரிவதில்லை. உணர்விழந்த பாதத்துக்கு இறுக்கமான ஷூவே பொருத்தமாகத் தோன்றும். ஏனெனில் இறுக்கினால்தான் அதற்கு ஏதோ அணிந்திருப்பதாகத் தெரியும். இந்த உண்மையை உலகுக்கு எடுத்துரைத்தவர்களுள் முதன்மையானவர் நம் தமிழ்நாட்டில் பிறந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1914இல் கொல்லிமலையில், வேதபோதகர் குடும்பத்தில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், 1946 முதல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராய்ப் பணியாற்றினார். தொழுநோயாளரின் விரல்களை நோய் அரித்துத் தின்கிறது என்றே அந்நாளில் உலகம் நம்பிற்று. அவர் அதை மறுத்தார். நோய் பறிப்பது வலியை. வலி போனபின், முள்ளும் நெருப்பும் பொருந்தாச் செருப்புமே விரல்களைப் பறிக்கின்றன என்று கண்டு நிறுவினார். ஆகவே கத்தியோடு நில்லாமல் செருப்பிலும் கவனம் செலுத்தினார். வேலூரிலும் அதனருகில் கரிகிரியிலுள்ள தொழுநோய் மருத்துவமனையிலும் மென்மையான நுண்துளை ரப்பரைக் கொண்டு நோயாளரின் பாதத்துக்கேற்பச் செருப்புச் செய்யும் வழி வளர்ந்தது. ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று இன்று நீரிழிவு நோயாளருக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது அந்த வகையே. 1966இல் அவர் அமெரிக்கா சென்ற பின்னர், தொழுநோயில் கற்ற பாடத்தை நீரிழிவுக் கால்களுக்கும் பயன்படுத்தினார். வலி என்பது எவரும் விரும்பாத ஒரு கொடை என்னும் கருத்தில் அவர் எழுதிய நூல் 1993இல் வெளிவந்தது.

ஆகவே புதிதாக நடக்கவோ ஓடவோ தொடங்குகிறவர் கடைக்குப் போகுமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “என் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா?” என்பதே. மருத்துவர்கள் 10 கிராம் நைலான் இழை ஒன்றால் பாதத்தைத் தொட்டு இதனை ஒரு நிமிடத்தில் சோதித்து விடுவார்கள். நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கொரு முறையேனும் இதைச் செய்துகொள்ள வேண்டும். உணர்ச்சி குன்றியிருந்தால் ஓட்டத்தைப் பற்றியும் காலணியைப் பற்றியும் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யலாகாது. வெறுங்காலோடு வீட்டுக்குள் நடப்பதும் ஆகாது. உணர்ச்சி இருப்பவர் தம் காலைக் கேட்கலாம். இருவருமே அளவெடுக்க வேண்டும்.

அளவெடுப்பது பெரிய வித்தையன்று. மாலை நேரத்தில் செய்க. ஏனெனில் பகலெல்லாம் நின்றும் நடந்தும் இருந்த கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். ஓடும்போதும் கால் அவ்வாறே வீங்கும். பழைய நாட்காட்டித் தாள் ஒன்றைச் சுவரையொட்டித் தரையில் விரித்து, குதிகால் சுவரில் படும்படி இரு காலிலும் எடையைச் சமமாகத் தாங்கி நிற்க வேண்டும். உட்கார்ந்து அளந்தால் கால் சிறுத்துக் காட்டும். வீட்டில் உள்ள இன்னொருவர் பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழைக்கட்டும். குனிந்து நாமே வரைந்தால் பாதம் கோணும். குதிகாலிலிருந்து மிக நீண்ட விரலின் நுனி வரை நீளம். சிலருக்குப் பெருவிரலைவிட அடுத்த விரல் நீண்டிருக்கும் என்பதை மறக்கலாகாது. பெருவிரலின் அடிமூட்டிலிருந்து சுண்டுவிரலின் அடிமூட்டு வரை அகலம். இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதிக்கொள்க. இரு காலையும் அளந்தே தீர வேண்டும். நம் வலக்கால் இடக்காலைவிட 6 மில்லிமீட்டர் நீளம் என்பதை ஐம்பது ஆண்டுகளுக்குமேல் அறியாமலே வாழ்ந்திருக்கிறோம்! பெரிய காலுக்கே ஷூ வாங்க வேண்டும்.

பின்னர் அந்தக் கோட்டின்படி ஓர் அட்டையைக் கத்தரித்துக் கையில் கொண்டு கடைக்குச் செல்க. ஈர்க்குச்சிக்கு அகலம் வந்தாற்போல என்று வைத்துக்கொள்ளலாம். ஓட்டக் காலணிகள் பலவற்றில் உள்ளே மெத்தென்ற ஓர் உள்ளட்டை கிடக்கும். கையால் இழுத்தால் வந்துவிடும். அதனை வெளியே எடுத்து அதன்மேல் காலை வைத்து நில்லுங்கள். விரலோ சதையோ இருபுறமும் விளிம்புக்கு வெளியே வழிந்தால் அந்த ஷூ எத்தனை உயர்ந்த விலையாயினும் நமக்கு ஆகாது. நீண்ட விரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் மிஞ்ச வேண்டும். ஓடும்போது கால் முன்னே சரியும். அந்த இடம் இல்லாததால்தான் நம் நகம் போயிற்று. சில நிறுவனங்கள் ஒரே நீளத்தில் அகலமான வகையையும் செய்கின்றன. ஆண்களுக்கான பெட்டியில் ‘2இ’ என்றோ, அதனினும் அகலத்துக்கு ‘4இ’ என்றோ ஆங்கில எழுத்தில் குறித்திருப்பார்கள். கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எண்ணைப் பெரிதாக்குவதைவிட அகலத்தைக் கேட்பது மேல்.

அளவு சரியென்று கண்டபின், எந்தக் காலுறையோடு நடக்கப் போகிறோமோ அதையே அணிந்து, இரு ஷூவையும் மாட்டி, நாடாவைக் கட்டி எழுந்து நிற்க வேண்டும். விரல்கள் உள்ளே பியானோ வாசிக்கிறாற்போல் தாராளமாக அசைய வேண்டும். குதிகால் ஏறி இறங்கி உராயலாகாது. கால் எங்கே மடங்குகிறதோ அங்கேயே ஷூவும் மடங்க வேண்டும். கடைக்குள்ளேயே இருமுறை நடந்து, ஒருமுறை மெல்ல ஓடியும் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், நகம் அவருடையதன்று. “போடப் போட விட்டுக் கொடுக்கும்” என்னும் வாக்கை மட்டும் நம்பவேண்டாம். தோல் செருப்புக்கு அது ஓரளவு உண்மையாயிருக்கலாம். ஓட்டக் காலணி முதல் நாளே பொருந்த வேண்டும். கைப்பேசியில் விலை மலிவாகக் கண்டு தருவிப்பவர்கள், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று பார்த்த பிறகே பணம் கட்டட்டும்.

பெண்களைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம் ஊர்த் தாய்மார் பலர் காலையில் நடக்கிறார்கள். ஏறக்குறைய எல்லாரும் செருப்போடுதான். சேலைக்கு ஷூவா என்று கூச்சம். கேலி செய்வாரும் இல்லாமலில்லை. ஆனால் வீட்டில் அதிகநேரம் நின்று வேலை செய்து, குதிகால் வலியோடு நடப்பவர்கள் அவர்களே. வார் அறுந்த ரப்பர் செருப்பை விரலால் கவ்விக்கொண்டு விரைந்து நடப்பது பாதத்துக்கும் முழங்காலுக்கும் வீண்சுமை. பெண்களுக்கென்று விற்கும் ஷூக்கள் பெரும்பாலும் இன்னும் ஒடுக்கமானவை என்பதால், அகன்ற காலுடைய பெண் ஆண்கள் பகுதியில் தம் நீளத்துக்கேற்ற ஒன்றைப் பார்ப்பதில் எந்த இழுக்கும் இல்லை. நமது இல்லத்தரசியார் அவ்வாறே வாங்கினார். முதல் வாரம் தெருமுனை வரை பையில் எடுத்துச் சென்று, இருட்டில் மாட்டிக்கொண்டார். இப்பொழுது வாசற்படியிலேயே நாடா கட்டுகிறார்.

வாங்கிய முதல் நாளே மூன்று மைல் போகவேண்டாம். பத்து நிமிடம் நடந்து, வீடு வந்து, காலைப் பாருங்கள். சிவந்த இடம் சிறிது நேரத்தில் மறையாவிட்டால் அங்கே நெருக்குகிறது என்று பொருள். ஓட விரும்புவோர் ஒரு நிமிடம் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, வாரக்கணக்கில் மெல்லக் கூட்டிக்கொள்ளலாம். ஓட்டக் காலணியின் மெத்தை 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் நைந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. மேற்புறம் புதிதுபோல் பளபளப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

நாம் இரண்டாம் முறை வேறொரு கடைக்குப் போனபோது அட்டையை நீட்டினோம். கடைக்காரர் முதலில் விழித்தார். பிறகு அதை வாங்கி ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் செருகிப் பார்த்து, ஆறு ஜோடிகளை ஒதுக்கி, ஏழாவதை எடுத்துக் கொடுத்தார். பெட்டியில் 9 என்று போட்டிருந்தது. “அண்ணாச்சி, இந்த அட்டையை ஒருநாள் எனக்குக் கொடுங்க, எங்கப்பாவுக்கும் இப்படி ஒண்ணு வெட்டணும்” என்றார்.

அடுத்த தெரு நண்பர் இப்பொழுது ஓடுவதில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்த செருப்போடு நடக்கிறார். அணியுமுன் கையை உள்ளே விட்டுக் கல், முள், மடிப்பு உண்டா என்று தடவிப் பார்க்கிறார். வீடு திரும்பியதும் அவர் துணைவியார் திண்ணையில் ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தரையில் வைக்கிறார். அதன்மேல் ஒரு காலைத் தூக்கிக் காட்டி, பிறகு மறுகாலைக் காட்டி, அடிப்பாதம் முழுவதையும் இருவரும் சேர்ந்து பார்த்த பின்னரே காப்பி.